நகல் நிரலைத் தேடிப் பிடிப்பது எப்படி: ஒரு ரப்பர் கடை பில்லை வைத்து

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில், தோட்டக்காரர்களிடம் ரப்பர் வாங்கும் ஒரு கடைக்கு பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஷீட் (உலர்த்திய தகடு), பால், ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டி உறைந்தது) என்று மூன்று சரக்கு. முதலில் ஷீட்டுக்கு எழுதினேன். அதையே நகலெடுத்து மற்ற இரண்டுக்கும் ஒட்டி, விலைக் கணக்கை மட்டும் மாற்றினேன். ஜூன் மழையில் பால்வெட்டு நின்றபோது, தோட்டக்காரர் வாங்கிய முன்பணம் பில் தொகையைத் தாண்டிப் போய், ஷீட் பில்லில் மைனஸ் வந்தது. சரிசெய்தேன், ஒட்டுப்பாலிலும் சரிசெய்தேன். பிப்ரவரியில், மரம் இலை உதிர்த்துப் பால் குறைந்த நேரம், கடைக்கார அண்ணாச்சி போன் செய்தார்: “மக்கா, பால் பில்லுல மைனஸ் வந்து நிக்கு. அவரு எனக்குப் பணம் தரணும்னுல்லா காட்டுது?”

மூன்றாவது நகலை மறந்திருந்தேன். புதிதாக நிரல் எழுத வருபவர்கள் இதே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் எழில் என்ற தமிழ் நிரல் மொழியில் இருக்கின்றன. பைத்தானிலோ ஜாவாவிலோ எழுதுபவர்களுக்கும் வழி ஒன்றுதான். ஷீட்டில் திருத்தம் வந்து, பாலில் வராமல் நின்ற நிலை இது:

நிரல்பாகம் ஷீட்_பில்(எடை, விலை, முன்பணம்)
  தொகை = எடை * விலை
  கையில் = தொகை - முன்பணம்
  @(கையில் < 0) ஆனால்
    கையில் = 0
  முடி
  பின்கொடு கையில்
முடி

நிரல்பாகம் பால்_பில்(எடை, டிஆர்சி, விலை, முன்பணம்)
  தொகை = எடை * டிஆர்சி / 100 * விலை
  மீதி = தொகை - முன்பணம்
  பின்கொடு மீதி
முடி

டிஆர்சி என்பது பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம். 20 கிலோ பால், டிஆர்சி 35, கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தொகை 1,260. முன்பணம் 2,000 என்றால் விடை மைனஸ் 740. (தீராத முன்பணத்தை அடுத்த பில்லுக்குக் கொண்டுபோகும் பகுதியை இங்கே விட்டுவிட்டேன்.)

படி 1: எதைத் தேடுகிறோம்?

நகல் நிரலை ஆய்வாளர்கள் குளோன் என்கிறார்கள். நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். இடைவெளியும் குறிப்புரையும் தவிர எல்லாம் ஒன்றாக இருந்தால் முதல் வகை. பெயர்களோ எண்களோ மாறியிருந்தால் இரண்டாவது. வரிகள் கூடியோ குறைந்தோ இருந்தால் மூன்றாவது. எழுதிய விதமே வேறு, செய்யும் வேலை மட்டும் ஒன்று என்றால் நான்காவது. மேலே பாருங்கள்: ‘கையில்’ என்பது ‘மீதி’ ஆகியிருக்கிறது, நடுவில் மூன்று வரி இல்லை. இது மூன்றாவது வகை. பிழை பெரும்பாலும் ஒளிந்திருப்பது இங்கேதான்.

படி 2: கருவியை ஓட்டுங்கள்

ஜாவாவுக்கு, பிஎம்டி (PMD) என்ற நிரல் சோதிப்பானோடு வரும் சிபிடி (CPD) என்ற நகல் தேடும் கருவி போதும். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் என்று பல மொழி கலந்திருந்தால் ஜேஎஸ்சிபிடி (jscpd) என்ற கருவி நல்லது. இவை நிரலை டோக்கன்களாக (சொல், குறி, எண் என்ற சின்னத் துண்டுகளாக) உடைத்து, ஒரே வரிசை எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று காட்டும். ஜேஎஸ்சிபிடி தானாக எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச அளவு 50 டோக்கன், 5 வரி. நம் பில் மாதிரிச் சின்ன நிரல்பாகங்கள் அந்த வலையில் சிக்காது. அளவைக் குறைத்தால் சிக்கும், கூடவே குப்பையும் வரும். வெளியிலிருந்து இறக்கிய நூலகங்கள், கருவிகளே உருவாக்கிய கோப்புகள் இரண்டையும் முதலிலேயே விலக்கிவிடுங்கள்.

அப்புறம் கையாலும் தேடுங்கள். திட்டம் முழுக்க ‘முன்பணம்’ என்ற சொல்லைத் தேடியிருந்தால் ஜூனிலேயே மூன்று இடமும் எனக்குக் கிடைத்திருக்கும். மூன்றாவது வகைக்குக் கருவியை விட இந்தத் தேடல்தான் பல நேரம் கைகொடுக்கிறது.

படி 3: பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். இரண்டு நகலையும் அருகருகே திறந்து, ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் “இது வேண்டுமென்றே செய்ததா, விட்டுப்போனதா?” என்று கேளுங்கள். டிஆர்சி வருவது வேண்டுமென்றே. மைனஸைத் தடுக்கும் மூன்று வரி இல்லாதது விட்டுப்போனது.

2009இல் எல்மர் ஜூர்கன்ஸும் அவரோடு சேர்ந்த ஜெர்மன் ஆய்வாளர்களும் ஐந்து மென்பொருள்களை எடுத்து, இதே கேள்வியை அவற்றை உருவாக்கியவர்களிடமே கேட்டார்கள். நகல் கூட்டங்களில் பாதிக்குச் சற்று மேல் ஒன்றோடொன்று வேறுபட்டிருந்தன. தெரியாமல் நேர்ந்த வேறுபாடுகளில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று உண்மையான பிழை. மொத்தம் 107 பிழைகள், அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்களில். இதைப் படித்த பிறகுதான் நகல்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவற்றின் வேறுபாடுகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

படி 4: சேர்ப்பதா, விடுவதா?

எல்லா நகலையும் ஒழிக்க வேண்டியதில்லை. கோரி காப்சரும் மைக்கேல் காட்ஃப்ரேவும் 2006இலேயே, சில இடங்களில் நகலெடுப்பதுதான் நியாயமான வடிவமைப்பு என்று எடுத்துக் காட்டினார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நாளைக்கு ஒன்று மாறினால், அதே காரணத்துக்காக மற்றதும் மாறுமா? முன்பணக் கழிவு மாறும், ஏனென்றால் அது கடையின் ஒரே வழக்கம். ஷீட்டின் ஈரத்துக்கும் ஒட்டுப்பாலின் அழுக்குக்கும் எடையில் கழிப்பதும் இதே கடையில் உண்டு. இரண்டும் ஒரே சதவீதக் கணக்கு, வரிக்கு வரி ஒன்று போலவே இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் முன்னது மட்டும் கூடும். அதைச் சேர்த்தால் அடுத்த மழைக்குப் பிரிக்க வேண்டியிருக்கும். விட்டுவிடுங்கள்.

படி 5: பிழையை முதலில், சேர்ப்பதை அடுத்து

முன்பணம் குறைவு, சமம், அதிகம் என்று ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று சோதனை எழுதுங்கள். பால் பில் மூன்றாவதில் தோற்கும். விட்டுப்போன வரிகளைச் சேர்த்து, அதை மட்டும் தனியாகக் கமிட் செய்யுங்கள் (மாற்றத்தைப் பதிவேட்டில் தனிப் பதிவாகச் சேமியுங்கள்). அதன் பிறகு பொதுப் பகுதியைப் பிரித்தெடுங்கள்:

நிரல்பாகம் கையில்_தருவது(தொகை, முன்பணம்)
  @(தொகை < முன்பணம்) ஆனால்
    பின்கொடு 0
  முடி
  பின்கொடு தொகை - முன்பணம்
முடி

நிரல்பாகம் பால்_பில்(எடை, டிஆர்சி, விலை, முன்பணம்)
  தொகை = எடை * டிஆர்சி / 100 * விலை
  பின்கொடு கையில்_தருவது(தொகை, முன்பணம்)
முடி

ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் இதேபோல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றை மாற்றியதும் சோதனையை ஓட்டி, தேறினால் கமிட், அப்புறம் அடுத்தது. மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால், எங்கே உடைந்தது என்று தேடவே ஒரு மாலை போய்விடும்.

படி 6: விட்ட நகலுக்கு அடையாளம்

சேர்க்காமல் விட்ட எடைக் கழிவு இரண்டின் தலையிலும் ஒரு வரி குறிப்புரை போடுங்கள். நான் போட்டது இது: “ஒட்டுப்பால் கழிவும் இதே போல் இருக்கும். காரணம் வேறு என்பதால் சேர்க்கவில்லை. இங்கே பிழை திருத்தினால் அதையும் பார்க்கவும்.”