அச்சக மதிப்பீட்டைப் படிப்பது எப்படி: முதல் நூலை வெளியிடுவோருக்கு

"டெம்மி 1/8, 160 பக்கம், 1+1, 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு 4+0, மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், 1000 படிகள்." நூல் அச்சிட விலை கேட்டால் அச்சகத்திலிருந்து வரும் மதிப்பீடு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். அடியிலுள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளும் எழுத்தாளர்கள் பலர். ஆனால் இந்த ஒற்றை வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே பணத்தையோ நூலின் ஆயுளையோ தீர்மானிப்பதால், அவற்றின் பொருளை அறிந்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் தர வேண்டும்.

டெம்மி 1/8 என்பது நூலின் அளவு. வெட்டிய பின் சுமார் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம் இருக்கும். நாவல், கட்டுரை நூல்களுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது இதுவே. கிரவுன் 1/8 அதைவிடச் சிறியது. அளவை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பக்க வடிவமைப்பு முடிந்தபின் அளவை மாற்றினால் வரிகளும் பக்க எண்களும் பொருளடக்கமும் எல்லாம் இடம் மாறிவிடும்.

அடுத்து வரும் கணக்கை ஊன்றிப் பார்க்க வேண்டும். அச்சகத்தார் பக்கங்களைத் தனித்தனியாக எண்ணுவதில்லை. 16 பக்கங்கள் சேர்ந்ததை ஒரு ஃபாரம் என்பார்கள். 160 பக்க நூல் என்பது 10 ஃபாரம். 23க்கு 36 அங்குலமுள்ள டபுள் டெம்மி தாள் ஒன்றில் இரு புறமும் சேர்த்து 32 பக்கங்கள் அமையும் என்பதால் ஒரு படிக்கு 5 தாள்கள், 1000 படிகளுக்கு 5000 தாள்கள் தேவை. 500 தாள்கள் ஒரு ரீம் என்ற கணக்கில் இது 10 ரீம். அச்சில் வீணாகும் தாளுக்கு மேற்கொண்டு ஒரு பங்கு சேர்ப்பார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. நேச்சுரல் ஷேட் என்பது தூய வெள்ளையாக இல்லாமல் சற்றே மஞ்சள் சாயலுள்ள தாள். இந்த அளவில் 70 ஜிஎஸ்எம் தாளின் ஒரு ரீம் ஏறத்தாழ 18.7 கிலோ இருக்கும். மதிப்பீட்டில் காகிதத்தின் எடையும் விலையும் தனியே காட்டப்பட்டிருந்தால், இந்தக் கணக்கைக் கொண்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நூல் 164 பக்கத்தில் முடிந்தால் என்ன ஆகும்? கூடுதலான 4 பக்கங்களுக்காக இயந்திரத்தில் மறுபடியும் பிளேட், அதாவது பக்கங்களின் உரு பதிந்த அச்சுத் தகடு, ஏற்ற வேண்டும். அந்தக் கூலி அந்த 4 பக்கங்களின் தலையில்தான் விழும். ஆகவே இறுதி வடிவமைப்பின்போது சில வரிகளைச் சுருக்கி 160க்குள் கொண்டுவருவதோ, அரை ஃபாரம் கூட்டி 168 ஆக்குவதோ நல்லது. இதை வடிவமைப்பாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

1+1 என்றால் தாளின் இரு புறமும் ஒரே நிறம், அதாவது கறுப்பு. 4+0 என்றால் அட்டையின் வெளிப்புறத்தில் நான்கு நிறம், உட்புறம் வெறுமை. ஆர்ட் போர்டு என்பது வழவழப்பான மேற்பூச்சுள்ள தடித்த அட்டை; மேட் லேமினேஷன் என்பது அதன்மேல் ஒட்டும் பளபளப்பில்லாத மெல்லிய படலம். கணினித் திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் நான்கு மை அச்சில் சற்று மங்கும் என்பதால், அட்டைக்கு அச்சு மாதிரி ஒன்றைக் கேட்டுப் பெறுவது பாதுகாப்பு. அட்டைக் கோப்பில் ஓரங்களில் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நிறமும் படமும் நீளும் பகுதி, விட்டிருக்க வேண்டும். இல்லையேல் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். 1000 படிகளுக்கு, பிளேட் கொண்டு அச்சிடும் ஆஃப்செட் முறை கட்டுப்படியாகும். ஐம்பது, நூறு படிகளுக்கு பிளேட் செலவில்லாத டிஜிட்டல் அச்சே ஏற்றது. பிஓடி எனப்படும் தேவைக்கேற்ற அச்சும் டிஜிட்டல் முறையைச் சேர்ந்ததுதான்.

பைண்டிங்கில் சிக்கனம் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் ஃபாரங்களின் முதுகைச் சீவி, சூடான பசையில் அட்டையோடு ஒட்டுகிறார்கள். ஒருமுறை படித்து வைக்கும் நாவலுக்கு இது போதும். அகராதி, உரைநூல், பாடநூல் போன்று அடிக்கடி விரித்துப் பார்க்கப்படும் நூல்களுக்கு ஒவ்வொரு ஃபாரத்தையும் நூலால் தைத்துக் கட்டும் தையல் பைண்டிங்கே தகும். செலவு கூடினாலும் தாள் உதிராது. காகிதத்தின் இழை, நூலின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நூல் சரியாக விரியாது, ஈரக்காற்றில் தாள்கள் நெளியும்.

மெய்ப்பு பார்ப்பதில் தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. யூனிகோடில் தட்டச்சு செய்த படியைப் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றும்போது 'கொ', 'கௌ' போன்ற எழுத்துகள் சிதைய வாய்ப்புண்டு. இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடையே பயன்படுத்தினாலும், வேர்ல்டு ரெடி காம்போசர் என்னும் தேர்வு இயக்கப்படாவிட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கும். எனவே கையெழுத்துப் படியில் பிழை பார்த்தது போதும் என்று இருந்துவிடாமல், அச்சுக்குப் போகும் இறுதி பிடிஎஃப் கோப்பை முதல் பக்கத்திலிருந்து முழுமையாக வாசியுங்கள்.

ஐஎஸ்பிஎன் என்பது ஒரு நூலை உலக அளவில் அடையாளம் காட்டும் 13 இலக்க எண். பெரும்பாலும் 978இல் தொடங்கும், அதையடுத்து வரும் 93 அல்லது 81 இந்தியாவைக் குறிக்கும். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகவே வழங்குகிறது. இதற்கெனப் பெருந்தொகை கேட்பவரிடம் விளக்கம் கேளுங்கள். கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். உள்ளடக்கம் மாறாமல் மீண்டும் அச்சிட்டால் அது மறு அச்சு, பழைய எண்ணே போதும். திருத்தி விரித்தால்தான் அது புதிய பதிப்பு, அதற்குப் புதிய எண் வேண்டும். தமிழ் நூல்களின் உரிமைப் பக்கத்தில் வெறும் மறு அச்சையும் 'இரண்டாம் பதிப்பு' என்று போடுவதைத் தவிர்த்தால் ஆய்வாளர்களுக்குப் பேருதவியாக இருக்கும். நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் படிகள் அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம்; இந்தப் பொறுப்பு பதிப்பாளருடையது.

பதிப்பகம் வழியே வெளியிடுவோர், விற்பனையில் எழுத்தாளருக்குரிய பங்கான ராயல்டி எதன்மீது கணக்கிடப்படுகிறது என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். அட்டையில் அச்சிட்ட விலையில் 10 விழுக்காடும், விற்பனையாளர் கழிவு போன பின் பதிப்பகத்துக்கு வரும் நிகரத் தொகையில் 10 விழுக்காடும் ஒன்றல்ல. 200 ரூபாய் நூலுக்கு முன்னதில் 20 ரூபாய் கிடைக்கும். 40 விழுக்காடு கழிவு என்றால் பின்னதில் 12 ரூபாய்தான். உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். காலம் குறிக்கப்படவில்லையெனில் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படவில்லையெனில் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களை எண்ணி எழுதுகிறவர்கள் அந்நாடுகளுக்கான உரிமையையும், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளையும் ஒப்பந்தத்தில் தனித்தனி வரிகளாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.