20 புளியங்கொட்டையும் ஒரு காலண்டர் தாளும்: புள்ளியியலில் முதல் பாடம்

பள்ளிக்கூடத்தோடு புள்ளியியலுக்குக் கும்பிடு போட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சூத்திரம் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு தாள், பென்சில், அளவுகோல், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: எதை அளக்கிறோம்?

காலையில் பஸ்ஸுக்காக எத்தனை நிமிடம் காத்திருக்கிறேன் என்று பார்க்க நினைத்தேன். எளிதாகத்தான் தெரிந்தது. ஆனால் முதல் நாளே குழப்பம்: ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினால், அந்த நேரத்தைச் சேர்ப்பதா வேண்டாமா? கடைசியில், நிறுத்தத்துக்கு வந்து நின்றதிலிருந்து ஏதோ ஒரு பஸ்ஸின் படியில் கால் வைக்கும்வரை என்று விதி வைத்துக்கொண்டேன். எந்த விதியாக இருந்தாலும் சரி, பாதியில் மாற்றாதீர்கள்.

4 வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, வரிசை மாறாமல்:

முதல் வாரம்: 6, 4, 9, 5, 7
இரண்டாம் வாரம்: 3, 8, 5, 42, 6
மூன்றாம் வாரம்: 4, 11, 5, 7, 2
நான்காம் வாரம்: 6, 9, 5, 38, 8

படி 2: கணக்குப் போடாதீர்கள், முதலில் பாருங்கள்

பெரிய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் 45 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு செ.மீ. ஒரு நிமிடம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புளியங்கொட்டையை அந்தந்த எண்ணின் மேல் வையுங்கள். ஒரே எண் திரும்ப வந்தால் முந்தைய கொட்டைக்கு மேலே அடுக்குங்கள். 5-இன் மேல் நான்கு சேரும்.

வைத்து முடித்ததும் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். 2 முதல் 11 வரை 18 கொட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அப்புறம் வெறும் தாள். தாளின் வலது கோடியில் 38-இலும் 42-இலும் ஒவ்வொன்று தனியாக உட்கார்ந்திருக்கும். இதுதான் புள்ளிப் படம். பட்டியலை நாலு முறை படித்தாலும் இந்த உருவம் மனதில் விழாது.

1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் இதற்காகவே நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள். நான்கிலும் முதல் எண்ணின் சராசரி 9, இரண்டாவதன் சராசரி ஏறக்குறைய 7.5. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, இன்னொன்றில் கோட்டை விட்டு விலகிய ஒற்றைப் புள்ளி, கடைசியில் ஒரு புள்ளி தவிர எல்லாம் செங்குத்தாக ஒரே வரிசை. கணக்கை மட்டும் நம்பியிருந்தால் நான்கும் ஒன்றுதான்.

படி 3: மூன்று நடு எண்கள்

இப்போது கணக்கு. மொத்தம் 190 நிமிடம், 20 நாள். சராசரி 9.5.

அந்தக் கோட்டை எடையே இல்லாத ஒரு சீசா பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். 9.5-க்கு அடியில் முட்டுக் கொடுத்தால் பலகை சமமாக நிற்கும். வலது கோடியில் இருக்கும் இரண்டே கொட்டைகள், தூரத்தில் இருப்பதாலேயே, முட்டு நிற்கும் இடத்தைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டன. அதனால்தான் 20-இல் 17 நாள் சராசரியைவிடக் குறைவாகவே காத்திருந்திருக்கிறேன். சரியாக 10 நிமிடம் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை!

அடுத்தது இடைநிலை அளவு. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். நடுவில் 6, 6 என்று இரண்டு மிஞ்சும். இடைநிலை 6. ஒரு சோதனை: 42-ஐ 90 ஆக்கிப் பாருங்கள். சராசரி 11.9-க்குத் தாவும், இடைநிலை அசையாது.

அதிகமுறை வந்த எண் முகடு. இங்கே 5. எனக்கு இது அதிகம் உதவவில்லை, ஆனால் செருப்புக் கடைக்காரருக்கு இதுதான் உயிர். சராசரி சைஸ் 7.6 என்று தெரிந்து அவர் என்ன செய்வார்?

படி 4: கட்டம் கட்டுவது

எண்கள் நூற்றுக்கணக்கில் வந்தால் கொட்டை போதாது. அப்போது 5 நிமிடத்துக்கு ஒரு பிரிவாகப் பிரியுங்கள்:

0–4: 4 நாள்
5–9: 13 நாள்
10–14: 1 நாள்
15 முதல் 34 வரை நான்கு பிரிவுகள்: எதுவும் இல்லை
35–39: 1 நாள்
40–44: 1 நாள்

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு செவ்வகம், உயரம் நாட்களின் எண்ணிக்கை. இது நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்). நேரம் தொடர்ச்சியானது என்பதால் செவ்வகங்கள் ஒட்டி நிற்க வேண்டும். (ஊர்ப் பெயர், பழத்தின் பெயர் போன்றவற்றுக்கு வரையும் பட்டைப் படத்தில்தான் இடைவெளி விடுவோம்.) காலியான நான்கு பிரிவுகளை இடம் மிச்சம் என்று வெட்டிவிடாதீர்கள். அந்த வெற்றிடமும் தகவல்தான். பிரிவை 20 நிமிடமாக அகலப்படுத்தினால் 18, 1, 1 என்று மூன்றே செவ்வகம் வரும், எல்லாம் மொத்தையாகிவிடும். கூகுள் ஷீட்ஸில் வரைபவர்கள் ஹிஸ்டோகிராமைத் தேர்ந்தெடுத்து, பக்கெட் சைஸை (பிரிவின் அகலத்தை) மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

படி 5: நாள் வரிசையில் ஒரு கோடு

கிடையாக நாள், செங்குத்தாக நிமிடம். புள்ளி வைத்து இணையுங்கள். 9-ஆம் நாளும் 19-ஆம் நாளும் கோடு கோபுரமாக எழும்பும். எண்ணிப் பார்த்தால் இரண்டுமே வியாழக்கிழமை. எங்கள் பக்கம் வியாழன்தான் வாரச்சந்தை, உடனே சந்தை மேல் பழி போட்டுவிட்டேன். மற்ற இரண்டு வியாழனைப் பார்த்தபோது 5, 7 என்று இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். நான்கே வியாழனை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் சில மாதம் குறித்தால்தான் தெரியும்.

படி 6: அச்சில் ஏமாறாமல், ஏமாற்றாமல்

பட்டைப் படத்தையும் கோட்டு வரைபடத்தையும் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786-இலேயே புத்தகமாக வெளியிட்டுவிட்டார். அச்சை, அதாவது படத்தின் ஓரத்தில் எண்கள் எழுதும் கோட்டை, 0-இல் தொடங்காமல் வெட்டும் வித்தையை இன்றும் நாளிதழிலும் டிவியிலும் பார்க்கலாம். ஒரு மாதச் சராசரி 9.5, மறுமாதம் 9 என்று வையுங்கள். செங்குத்து அச்சை 8.5-இல் தொடங்கினால் முதல் பட்டை இரண்டாவதைப்போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். பட்டை என்றால் 0-இல் தொடங்குங்கள். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. காய்ச்சல் அட்டவணையை 0 டிகிரியில் தொடங்கினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது.

கடைசியாக, தலைப்பும் அலகும். என் தாளில் எழுதியிருப்பது: “காலை பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் (நிமிடம்), 20 வேலை நாட்கள். இடைநிலை 6, இரண்டு நாள் அரை மணிக்கு மேல்.” அந்த இரண்டு நாளுக்காக இப்போது சட்டைப் பையில் ஷேர் ஆட்டோ காசு தனியாக இருக்கிறது.