ஆணி தெரியாது, இணைப்பு தெரியும்: ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணியில் ஓர் உணவு மேசை

இந்தப் பாணியில் செய்த மேசையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். காலில் பூ வேலைப்பாடு இருக்காது, ஓரத்தில் வளைவு நெளிவு இருக்காது. நீளச்சட்டத்தின் முனை காலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்திருக்கும். அந்த முனையில் சின்னதாக ஒரு மர ஆப்பு செருகியிருக்கும். மேசைக்கு அழகே அதுதான். மற்ற பாணிகள் மறைத்து வைக்கிற இணைப்பை இது எடுத்துக் காட்டுகிறது. முதன்முதலாக மரவேலையில் இறங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பாணி கிடையாது என்பது என் எண்ணம். செதுக்கு வேலை தெரிய வேண்டியதில்லை. ஓர் இணைப்பைச் சுத்தமாகச் செய்யக் கற்றுக்கொண்டால் போதும்.

இங்கிலாந்தில் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் 1861-ல் தொடங்கிய நிறுவனம் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. ஆலைப் பொருள்களின் போலி அலங்காரம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கைவேலையின் நேர்மை வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் அதை வீட்டுப் பட்டறைகள் வரை கொண்டுசென்றவர் கஸ்டாவ் ஸ்டிக்லி. அவர் 1901 முதல் 1916 வரை நடத்திய ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’ இதழில், விற்பனைக்கு வைத்த அறைகலன்கள் மட்டுமல்ல, வாசகர்கள் தாங்களே செய்துகொள்ள வரைபடங்களும் வந்தன. ஆக, நாம் செய்யப்போவது அந்த மரபுக்குப் புதிதல்ல.

மரம்

இந்தப் பாணிக்குரிய மரம் வெள்ளை ஓக். அதிலும் ‘குவார்ட்டர் சான்’ முறையில் அறுத்த பலகை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். வளர்ச்சி வளையங்கள் வில்லாக வளைந்திருந்தால் அது சாதாரண அறுப்பு. பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக, சீப்பின் பற்கள் மாதிரி நின்றால் குவார்ட்டர் சான். அப்படி அறுத்த ஓக்கின் முகத்தில் வெள்ளி நிறத்தில் பட்டை பட்டையாக மின்னும். நடுவிலிருந்து வெளிநோக்கிப் போகும் கதிர்த் திசுக்கள் வெட்டுப்பட்டுத் தெரிவதுதான் அந்த மினுமினுப்பு.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 850 மி.மீ. அகல மேசைப்பலகையில் மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், சாதாரண அறுப்பு சுமார் 12 மி.மீ. விரியும் அல்லது சுருங்கும். குவார்ட்டர் சானில் அது பாதிதான். கிடைக்காவிட்டால் ஆஷ், தேக்கு எதுவானாலும் செய்யலாம். நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வாங்கியதும் மேசை இருக்கப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் போட்டுவையுங்கள்.

அளவுகள் (எல்லாம் மில்லிமீட்டரில்)

மேற்பலகை: 1500 × 850 × 25 (170 அகலப் பலகை ஐந்து)
பாதக்கட்டை 2: 700 × 80 × 65
நடுக்கால் 2: 665 × 200 × 45
தாங்குகட்டை 2: 700 × 60 × 65
நீளச்சட்டம் 1: 1020 × 120 × 40
ஆப்பு 2: 130 நீளம், 10 கனம்

பாதக்கட்டை தரையில் கிடக்கும். அதன் மேல் நடுக்கால் நிற்கும். நடுக்காலின் தலையில் தாங்குகட்டை, அதன் மேல் மேற்பலகை. இரண்டு நடுக்கால்களையும் நீளச்சட்டம் இணைக்கும். நடுக்காலின் முனைகள் கட்டைகளுக்குள் நுழையும் 90-ஐக் கழித்துக் கூட்டினால் 740 உயரம் வரும். 450 உயர நாற்காலிக்கு இது சரியாக இருக்கும். ஓர் ஆளுக்கு 600 அகலம் வேண்டும் என்பது கணக்கு. பக்கத்துக்கு இருவர், முனைக்கு ஒருவர் என ஆறு பேர் உட்காரலாம்.

முதலில் மேற்பலகை

பலகைகளின் ஓரங்கள் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பக்கத்தில் பக்கமாக வரவேண்டிய இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவதுபோல் மடக்கி, இரண்டு ஓரங்களையும் ஒன்றாகப் பிடித்து இழைப்புளி ஓட்டுங்கள். கை ஒரு டிகிரி சாய்ந்தாலும் கவலையில்லை. விரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றதன் சாய்வு சரிக்கட்டிவிடும்.

பசை தடவி, கிளாம்புகளை மேலொன்று கீழொன்றாக மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டால் பலகை வளைந்துவிடும். இரும்புக் கிளாம்புக்கும் ஓக்குக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் கட்டாயம். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. ஈரப்பசையும் இரும்பும் சேர்ந்தால் மறுநாள் நீலக்கறுப்பாகக் கறை நிற்கும். அது லேசில் போகாது.

நடுக்காலும் கட்டைகளும்

நடுக்காலின் கீழ்முனையில் 50 நீளத்துக்கும் மேல்முனையில் 40 நீளத்துக்கும் நாக்கு, அதாவது கட்டையின் துளைக்குள் நுழையும் மெலிந்த முனை, வர வேண்டும். அகலம் 110. கனம் காலின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15. கையில் இருப்பது 16 மி.மீ. உளி என்றால் 16 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உளியின் அகலம்தான் துளையின் அகலத்தை முடிவுசெய்ய வேண்டும்.

எப்போதும் துளையை முதலில் வெட்டுங்கள், நாக்கை அப்புறம். நாக்கைச் சீவி அளவுக்குக் கொண்டுவரலாம். துளையின் பக்கத்தைச் சீவினால் கோணலாகிவிடும். கோடுகளைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். அந்தக் கீறலில் உளிமுனை தானாகப் போய் உட்காரும்.

ஒட்டுவதற்கு முன்பே நடுக்காலில் நீளச்சட்டம் நுழையும் துளையை முடித்துவிட வேண்டும்: 30 அகலம், 80 உயரம், நடு மையம் தரையிலிருந்து 300. இது மறுபக்கம் வரை போகும் துளை. ஒரே பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே போனால் வெளியேறும் இடத்தில் மரம் பிய்ந்துகொள்ளும். எல்லோர் கண்ணும் படப்போகும் இடமே அதுதான். எனவே இரண்டு பக்கமும் கோடு போட்டு, இரண்டு பக்கமிருந்தும் வெட்டி நடுவில் சந்திக்க வையுங்கள்.

நீளச்சட்டமும் ஆப்பும்

இங்கே அவசரம் வேண்டாம். ஒரு நாள் முழுக்க இதற்கே ஒதுக்கலாம்.

சட்டத்தின் இரு முனையிலும் 110 நீளத்துக்கு நாக்கு. 30 கனம், 80 உயரம். தோளிலிருந்து (நாக்கு தொடங்கும் இடத்துப் படி) தோள் வரை 800. நாக்கு காலைக் கடந்து 65 வெளியே நிற்கும். அதில் மேலிருந்து கீழாக 10 மி.மீ. அகலத்தில் ஆப்புத்துளை. 30-ல் 10 போக இரு பக்கமும் பத்துப் பத்து மிஞ்சும்.

துளையின் உள்சுவர் எங்கே இருக்க வேண்டும்? காலின் கனம் 45 என்பதால் தோளிலிருந்து 45-ல் என்று தோன்றும். 42-ல் வையுங்கள். அந்த 3 மி.மீ. காலுக்குள் மறைந்திருப்பதால்தான் ஆப்பு காலின் முகத்தில் அழுந்தித் தோளை இழுத்து இறுக்கும். 45-ல் வைத்தால் ஆப்பு துளையின் உள்சுவரிலேயே முட்டிக்கொண்டு நிற்கும், கால் ஆடும். உள்சுவர் நேராக இருக்கட்டும். வெளிச்சுவர் மட்டும் 1:8 சாய்வு. முதலில் ஆப்பை அந்தச் சாய்வில் செய்துவிட்டு, அதையே பக்கவாட்டில் வைத்துக் கோடு போட்டால் இரண்டும் ஒத்துப்போகும். மேலே துளையின் நீளம் 25 வரை இருக்கலாம். 9 மி.மீ. டிரில்லால் மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி துளைத்து, மிச்சத்தை உளியால் சீவுங்கள்.

துளைக்கு அப்பால், நாக்கின் முனைவரை, 40 மி.மீ. மரம் மிச்சம் இருக்க வேண்டும். என் முதல் மேசையில் பார்வைக்குச் சிறிதாக இருக்கட்டும் என்று 15 மட்டும் விட்டேன். ஆப்பைக் கொட்டாப்புளியால் மூன்றாவது தட்டு தட்டியபோது நாக்கின் முனை ரேகையோடு பிளந்து கையோடு வந்துவிட்டது. சட்டம் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

நாக்கின் வெளிமுனை ஓரங்களை இழைப்புளியால் சன்னமாகச் சாய்த்துவிடுங்கள். காலில் உரசும்போது சிராய் எழாது, பார்வைக்கும் முடிந்த வேலையாக இருக்கும்.

பொருத்துதல்

பாதக்கட்டை, நடுக்கால், தாங்குகட்டை மூன்றையும் பசையோடு சேர்த்து 24 மணி நேரம் விடுங்கள். நீளச்சட்டத்துக்குப் பசையே வேண்டாம். ஆப்பைக் கழற்றினால் மேசையைப் பிரித்து எடுத்துப் போகலாம்.

மேற்பலகையைத் தாங்குகட்டையோடு ஒட்டவே கூடாது. கட்டைக்கு மூன்று ஸ்குரூ. நட்டநடுவில் கால் நிற்பதால், அதன் ஒரு பக்கத்தை ஒட்டி வட்டத்துளை, இரு ஓரத்திலும் கட்டையின் நீளவாக்கில் 15 மி.மீ. நீள்துளை. பலகை விரியும்போது ஸ்குரூ அந்த நீள்துளையில் நகர்ந்துகொள்ளும். கட்டையின் அடியிலிருந்து 30 ஆழத்துக்கு ஸ்குரூத் தலை போகுமளவு தோண்டி, வாஷர் போட்டு 45 நீள ஸ்குரூ போட்டால், பலகைக்குள் 15 மட்டும் ஏறும். ஓக்கில் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூதான் நல்லது.

நிறமும் மெருகும்

பழைய பட்டறைகளில் ஓக்கை மூடிய அறையில் வைத்து அடர்த்தியான அம்மோனியா ஆவி பிடிப்பார்கள்; டானினோடு வினைபுரிந்து மரம் பழுப்பாகும். அந்த ஆவி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். வீட்டில் அதைச் செய்யாதீர்கள். 180 எண் உப்புத்தாள் போட்டுத் துடைத்து, பழுப்பு ஸ்டெயின் ஒரு கை, அப்புறம் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு நாளாவது காயட்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பற்றும். வெளியே தட்டையாக விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

கடைசியாக ஆப்பு. கொட்டாப்புளியால் மெல்லத் தட்டும்போது முதலில் மந்தமாக ஒலிக்கும். இறுகியதும் ஒலி சட்டென்று மாறி ‘டங்’ என்று கேட்கும். அங்கேயே நிறுத்துங்கள். ஆப்பு துளைக்கு மேலும் கீழும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதே சரி. வறண்ட பருவம் வந்து மரம் சுருங்கி மேசை லேசாக ஆடினால், மறுபடி ஒரு தட்டு.

நாற்காலியில் கோணங்கள் அதிகம். அதை மூன்றாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, இதே அமைப்பில் 450 உயரம், 1200 நீளம், 330 அகலத்தில் ஒரு பெஞ்சு செய்யலாம். பாதக்கட்டை 300, நீளச்சட்டத்தின் அகலம் 80, நாக்கின் உயரம் 50. 42 கணக்கும் 40 மிச்சமும் அதிலும் அப்படியே, காலின் கனம் 45 ஆக இருக்கும்வரை.