பிரெஞ்சு வங்கி ஸ்டேட்மென்ட்டை ஆங்கிலத்தில் பெயர்ப்பது எப்படி?

பிரான்ஸில் கணக்கு வைத்திருப்பவர் பிரிட்டன் விசாவுக்கு வங்கி ஸ்டேட்மென்ட் கொடுத்தால், ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துத் தர வேண்டும். பிரெஞ்சு ஓரளவு வாசிக்க வந்தால், இதில் தொடங்கிப் பழகலாம்.

படி 1: கணக்கின் வகை

'கோம்த் கூரோன்', 'கோம்த் ஷேக்', 'கோம்த் த தெப்போ' மூன்றுமே கரண்ட் அக்கவுண்ட்தான். (நம் ஊரில் அது வியாபாரிகள் வைத்திருப்பது; பிரிட்டனில் சம்பளம் வந்து விழும் சாதாரணக் கணக்கு.) 'தெப்போ'வைப் பார்த்து ஃபிக்சட் டெபாசிட் என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு 'கோம்த் ஆ தேர்ம்' என்று தனிப் பெயர் உண்டு.

படி 2: சேமிப்புத் திட்டங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 'லிவ்ரே ஆ' என்பதை அப்படியே விட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 'அரசு வட்டி நிர்ணயிக்கும், வரியில்லாச் சேமிப்புக் கணக்கு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதுங்கள். வெறும் சேவிங்ஸ் அக்கவுண்ட் என்றால் பாதி விஷயம் போய்விடும். இதில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு 22,950 யூரோ. ஆனால் டிசம்பர் 31 அன்று வரவாகும் வட்டி அதைத் தாண்டலாம். இருப்பு 23,400 என்றிருந்தால் அச்சுப்பிழை என்று பதற வேண்டாம்.

'அசுரோன்ஸ் வீ' இன்னும் வம்பு. சொல்லுக்குச் சொல் லைஃப் இன்ஷூரன்ஸ்தான். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பெரும்பாலும் நீண்டகால முதலீடாகவே வைத்திருக்கிறார்கள், வேண்டும்போது பணமும் எடுக்கலாம். அதையும் பெயர் மாற்றாமல் விளக்கத்தோடு கொடுப்பதே என் வழக்கம்.

படி 3: வரவு செலவு வரிகள்

'விர்மோன்' என்றால் ட்ரான்ஸ்ஃபர், 'ப்ரெலெவ்மோன்' டைரக்ட் டெபிட், 'ரெத்ரே' பணம் எடுத்தது, 'சோல்ட்' பேலன்ஸ், 'தெகூவேர்' ஓவர்டிராஃப்ட். 'தெபி திஃபெரே' கார்டு மட்டும் கவனம்: மாதச் செலவுகளைச் சேர்த்து மொத்தமாக ஒருமுறை கழிப்பார்கள். அது டெஃபர்டு டெபிட் கார்டு. கிரெடிட் கார்டு என்று எழுதினால் கடன் இருப்பதாக அர்த்தமாகிவிடும்.

படி 4: எண்கள்

பிரெஞ்சில் 1.250,50 என்றிருப்பது ஆங்கிலத்தில் 1,250.50. தசமத்துக்குக் கமா போடுவது அவர்கள் வழக்கம். ஆயிரத்துக்குப் புள்ளிக்குப் பதில் இடைவெளியும் வரும்.

படி 5: கணக்கு விவரச் சீட்டு

'ரிப்' எனப்படும் இந்தச் சீட்டில் 'தொமிசிலியாசியோன்' என்ற கட்டம் இருக்கும். அது வாடிக்கையாளர் வீட்டு முகவரி இல்லை, வங்கிக் கிளை. வாடிக்கையாளர் பெயர் 'தித்யுலேர்' கட்டத்தில்.

கடைசியில், மொழிபெயர்ப்பு மூலத்துக்குச் சரியானது என்ற உறுதிமொழி, தேதி, உங்கள் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம். இவை இல்லாவிட்டால் விசா அலுவலகத்தில் அந்தத் தாள் செல்லாது.