பாய்லரைக் கழற்றி ஹீட் பம்ப் வைக்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரின் சூட்டைக் குறைத்துப் பாருங்கள்

குளிர் நாட்டு வீடுகளில் எரிவாயு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர் தகடுகளுக்கு அனுப்பும்; ஹீட் பம்ப் அதே வேலையை வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துக் கரண்டில் செய்யும் மெஷின். அதைப் பற்றி யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் எந்த கம்பெனி, எத்தனை கிலோவாட், என்ன விலை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கடும் குளிர் நாளில் ரேடியேட்டருக்கு எத்தனை டிகிரித் தண்ணீர் போனால் உங்கள் வீடு கதகதப்பாக இருக்கும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மெஷின் தேர்வு, ரேடியேட்டர், கரண்ட் பில் எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

மெஷின் செய்கிற வேலை இதுதான். வெளியே இருக்கும் யூனிட்டில் ஒரு குளிரூட்டி வாயு ஓடுகிறது, அது வெளிக்காற்றை விடக் குளிர்ந்த நிலையில் ஆவியாகிக் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, கம்ப்ரசர் அதை அழுத்தும்போது இன்னும் சூடாகிறது, அந்தச் சூட்டை ரேடியேட்டர் தண்ணீரிடம் கொடுத்துவிட்டுத் திரவமாகி மறுபடி ஆரம்பத்துக்கே போகிறது. பனி உறையும் 0 டிகிரிக் காற்றிலும் எடுக்க வெப்பம் இருக்கிறது, அதனால் குளிர் நாட்டுக்கு இது சரிப்படாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். புதிய சமாச்சாரமும் இல்லை: 1856-இல் ஆஸ்திரியாவில் பீட்டர் ஃபொன் ரிட்டிங்கர் உப்பு காய்ச்சும் வேலைக்காக இதே தத்துவத்தைப் பயன்படுத்தினார்.

1 யூனிட் (1 கிலோவாட் மணி) கரண்டுக்கு 3 அல்லது 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். இந்த விகிதத்தைத்தான் சிஓபி என்கிறார்கள். நல்ல எரிவாயு பாய்லர் 1 யூனிட்டுக்குச் சுமார் 0.9 தரும். ஆனால் தண்ணீரை எவ்வளவு அதிகம் சூடாக்கச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு சிஓபி இறங்கும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் வீதம். பாய்லர் 70 டிகிரியில் தண்ணீர் அனுப்பும். ஹீட் பம்புக்குப் பிடித்தது 35 முதல் 50 வரை.

படி 1: பாய்லரிலேயே ஒத்திகை

இதற்குக் காசே தேவையில்லை. நல்ல குளிர் நாளாகப் பார்த்து, பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பநிலையை 55-க்கு இறக்குங்கள். எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் முழுசாகத் திறந்துவிட்டு, இரவும் பகலும் அணைக்காமல் ஓடவிடுங்கள். வீடு சூடாகவே இருந்தால் மறுநாள் 50, அப்புறம் 45.

ஒரு எச்சரிக்கை. குளிக்கும் தண்ணீர் சிலிண்டரில் (சுடுநீர்த் தொட்டியில்) சேமிக்கப்பட்டு, அதையும் இதே பாய்லர்தான் சூடாக்குகிறது, இரண்டுக்கும் ஒரே திருகுதான் என்றால் இந்த ஒத்திகையை நாள்கணக்கில் நீட்டாதீர்கள். சிலிண்டர் தண்ணீர் நீண்ட நாள் வெதுவெதுப்பாகவே கிடந்தால் நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும்.

எந்த அறை குளிர்கிறது என்று எழுதி வையுங்கள். 50 டிகிரியில் வீடு முழுக்கச் சூடாக இருந்தால் பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். ஓரிரு அறைகள் மட்டும் குளிர்ந்தால் அங்கே ரேடியேட்டர் மாற்றினால் போதும். எல்லா அறையும் குளிர்ந்தால், மெஷினுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை முதலில் மேல்தள இன்சுலேஷனுக்கும் ஜன்னல் கதவு இடுக்குகளை அடைப்பதற்கும் செலவிடுங்கள். இதில் ஒரு உபரி லாபமும் உண்டு: கண்டென்சிங் பாய்லராக (புகையோடு வீணாகும் வெப்பத்தையும் மீட்கும் வகை) இருந்தால், திரும்பி வரும் தண்ணீர் 55-க்குக் கீழே இருக்கும்போதுதான் அது தன் முழுத் திறனில் ஓடும், எனவே மாற்றுகிற வரைக்கும் எரிவாயு பில்லும் இறங்கும்.

படி 2: உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட்?

பாய்லர் 24 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது, அதனால் ஹீட் பம்பும் 24 வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 24 பெரும்பாலும் குழாயைத் திறந்ததும் சுடுநீர் கொட்ட வேண்டும் என்பதற்காக. வீட்டைச் சூடாக்க அதில் கால் பங்கு போதும் என்பது சர்வசாதாரணம்.

பழைய பில்களை எடுங்கள். ஒரு வருடத்தில் 15,000 யூனிட் எரிவாயு, அதில் குளியலுக்கும் சமையலுக்கும் 3,000 என்று வைத்துக்கொள்வோம். (பில் கன மீட்டரில் வந்தால், இயற்கை எரிவாயு 1 கன மீட்டருக்குச் சுமார் 10 முதல் 11 யூனிட்.) மீதி 12,000-ஐ 0.9-ஆல் பெருக்கினால் வீட்டுக்குள் வந்த வெப்பம் 10,800. அடுத்து உங்கள் ஊரின் டிகிரி நாள் கணக்கு வேண்டும். வெளி வெப்பநிலை 15.5 போன்ற ஒரு எல்லைக்குக் கீழே ஒவ்வொரு நாளும் எத்தனை டிகிரி குறைந்தது என்று வருடம் முழுக்கக் கூட்டினால் வருகிற எண் அது, இணையத்தில் கிடைக்கும். அது 2,000 என்றால் 24-ஆல் பெருக்கி 48,000. 10,800-ஐ அதனால் வகுத்தால் 0.225, அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் வீடு 0.225 கிலோவாட் இழக்கிறது. உள்ளே 20, வெளியே மைனஸ் 3 என்றால் வித்தியாசம் 23, தேவை சுமார் 5.2 கிலோவாட்.

இன்ஸ்டாலர் அறை அறையாக அளந்துதான் கணக்குப் போட வேண்டும், இது அதற்கு மாற்று இல்லை. ஆனால் யாராவது வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு 12 கிலோவாட் மெஷின் என்றால், ஏன் என்று கேட்க உங்களிடம் இப்போது ஒரு எண் இருக்கிறது. தேவைக்கு மேல் பெரிய மெஷின், குளிர் அதிகமில்லாத நாட்களில் ஓடுவதும் நிற்பதுமாகத் திணறும்.

பணக் கணக்கும் இங்கேயே முடிந்துவிடும். கரண்ட் யூனிட் விலையை எரிவாயு யூனிட் விலையால் வகுத்து 0.9-ஆல் பெருக்குங்கள். கரண்ட் மூன்று மடங்கு விலை என்றால் 2.7 வரும். வருட சராசரி சிஓபி அதற்கு மேல் போனால்தான் மாதச் செலவு குறையும்.

படி 3: ரேடியேட்டர்

ரேடியேட்டரில் எழுதியிருக்கும் வாட் அளவு, அதன் சராசரி சூடு அறையை விட 50 டிகிரி அதிகம் இருக்கும்போது கிடைப்பது. ஹீட் பம்பில் அந்தச் சராசரி 45, அறை 20 என்றால் வித்தியாசம் 25 மட்டுமே. அப்போது எழுதியிருப்பதில் சுமார் 40 சதவீதம்தான் வரும். 1,500 வாட் ரேடியேட்டர் 600 வாட் தரும். போதாத இடங்களில் அதே நீள உயரத்தில் இரட்டைத் தகடு உள்ளதாக மாற்றினால் சுவரைப் புதிதாக உடைக்க வேண்டியதில்லை.

படி 4: சுடுநீர் சிலிண்டருக்கும் வெளி யூனிட்டுக்கும் இடம்

சிலிண்டர் இல்லாத பாய்லர் வைத்திருந்தவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி, ஒரு அலமாரி போயே போய்விடும். பொதுவாக 150 முதல் 300 லிட்டர். உள்ளிருக்கும் சுருள் குழாய் ஹீட் பம்புக்கென்றே பெரிதாகச் செய்ததா என்று கேளுங்கள், பழைய சிலிண்டரின் சின்னச் சுருள் பெரும்பாலும் போதாது.

வெளி யூனிட் காற்றை இழுத்துத் தள்ளுவது, எனவே முன்னால் சுவரோ புதரோ இருக்கக்கூடாது. குளிரில் அதன் மேல் உறைபனி படியும், அதை உருக்க அவ்வப்போது குளிரூட்டி வாயு தானாகவே திசை மாறி ஓடும், அப்போது கொட்டும் தண்ணீருக்கு வழி வேண்டும். நடைபாதை ஓரம் என்றால் அது உறைந்து வழுக்கும். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம். ஆர்-290, அதாவது புரொப்பேன் உள்ள மெஷின் என்றால், தீப்பிடிக்கும் வாயு என்பதால் ஜன்னலுக்கும் வடிகாலுக்கும் விட வேண்டிய தூரத்தைக் கையேட்டில் பாருங்கள். அதற்காக பயந்து ஒதுக்க வேண்டாம், பழைய ஆர்-410ஏ வாயுவோடு ஒப்பிட்டால் கசிந்தால் பூமிக்கு வரும் கேடு மிக மிகக் குறைவு.

படி 5: குழாய்

பாய்லரில் தண்ணீர் 20 டிகிரி குறைந்து திரும்பலாம், ஹீட் பம்பில் 5 டிகிரிதான். அதே 5 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 3.6 லிட்டருக்குப் பதில் 14.3 லிட்டர் ஓட வேண்டும். 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய் போட்ட வீடு என்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 6: மாற்றும் நாள்

எரிவாயு இணைப்பைத் துண்டிப்பது, குளிரூட்டி வாயுவைத் தொடுவது, மீட்டர் பெட்டியில் தனி பிரேக்கர் போடுவது மூன்றும் உரிமம் உள்ளவர்களின் வேலை. நீங்கள் கூட நின்று பார்க்க வேண்டியது: பழைய குழாய்களின் கறுப்புச் சேறு முழுக்கக் கழுவி எடுக்கப்பட்டதா, காந்த வடிகட்டி போட்டார்களா, வெளியே ஓடும் குழாய்களுக்குத் தடிமனான இன்சுலேஷன் சுற்றினார்களா, கரண்ட் போனால் வெளிக்குழாய் உறையாமல் இருக்க ஏற்பாடு உண்டா.

படி 7: செட்டிங்

நல்ல மெஷினைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். வெளிக் குளிருக்கு ஏற்பத் தண்ணீர் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கும், அதை இயக்குங்கள். உதாரணமாக வெளியே மைனஸ் 3 என்றால் 45, வெளியே 15 என்றால் 28. வீடு தேவைக்கு மேல் சூடானால் இந்தத் தண்ணீர் சூட்டு அளவுகளை ஒரு டிகிரி இறக்கி ஒரு நாள் பொறுங்கள். பாய்லர் பழக்கத்தில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று போட்டு அணைக்காதீர்கள், மெதுவாக இடைவிடாமல் ஓடுவதுதான் இதற்கு மலிவு. காலியான அறைகளின் வால்வை மூடுவதும் பலன் தராது, மீதி ரேடியேட்டர்கள் அதற்கும் சேர்த்து உழைக்க, தண்ணீர் சூட்டைக் கூட்ட வேண்டி வரும். குளியல் தண்ணீருக்கு 48 அல்லது 50 போதும், லெஜியோனெல்லாவைக் கொல்ல வாரம் ஒருமுறை 60 வரை ஏற்றும் டைமரை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

முதல் குளிர் மாதம் முடிந்ததும், மெஷின் காட்டும் வெப்ப யூனிட்டை அது தின்ற கரண்ட் யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். 3-க்குக் கீழே வந்தால், தண்ணீர் எத்தனை டிகிரியில் போகிறது, சிலிண்டரின் மின்சார ஹீட்டர் தேவையில்லாமல் ஓடுகிறதா என்ற இரண்டையும் பார்த்த பிறகு இன்ஸ்டாலரைக் கூப்பிடுங்கள்.