கணக்கெடுப்பாளர் படலைக்கு வருவதற்கு முன்: குடிசன மதிப்புக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவது எப்படி?

இலங்கையில் குடிசன மதிப்பு, அதாவது நாட்டு மக்கள் எல்லோரையும் எண்ணும் கணக்கெடுப்பு, 1871 முதல் நடக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம். வடக்கில் அந்த ஒழுங்கு முறிந்துபோனது. 1991இல் எடுக்கவே இல்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எடுத்தார்கள். 1981க்குப் பிறகு யாழ்ப்பாணத்தின் முழுக் கணக்கு 2012இல்தான் கிடைத்தது. இடையில் 31 வருடம் வெறும் மதிப்பீட்டு எண்கள்தான். மாகாணங்களுக்கு நிதி பகிரும்போது நிதி ஆணைக்குழு பார்க்க வேண்டியவற்றில் சனத்தொகையும் ஒன்று என்று அரசியலமைப்பே சொல்கிறது. 2024இலும் கணக்கெடுப்பு நடந்தது. அடுத்த முறைக்கு இந்தக் குறிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

(குடிசன மதிப்பில் ஆட்கள் குறைந்தால் எம்.பி. ஆசனமும் குறையும் என்று சிலர் நினைப்பார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. மாவட்ட ஆசனங்களை வாக்காளர் இடாப்பை வைத்தே பிரிக்கிறார்கள். இரண்டையும் குழப்பாதீர்கள்.)

படி 1: குடித்தனத்தைப் பிரியுங்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடித்தனம். ஒரு வளவில் மகளின் குடும்பம் வேறாகச் சமைத்தால் அது இரண்டாவது குடித்தனம்; தனியாகப் பதியச் சொல்லுங்கள்.

படி 2: ஆள் பட்டியல் எழுதுங்கள். பிழை அதிகம் நடக்கும் இடம் இதுதான். "மூத்தவர் கனடாவில, ஆனா வீடு அவருடையதுதான்" என்று அவரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். கேள்வி காணி யாருடையது என்பதல்ல, வழக்கமாக இங்கே வசிப்பது யார் என்பதே. வெளிநாட்டில் குடியேறியவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். வேறு மாவட்டத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளையை இரண்டு இடத்திலும் சொல்லிவிடுவார்கள், அல்லது இரண்டு இடத்திலும் விட்டுவிடுவார்கள். ஓரிடத்தில் மட்டும் பதிவாகவேண்டும். எங்கே என்பதைக் கணக்கெடுப்பாளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அதிகம் விடுபடுவது கைக்குழந்தையும் படுக்கையில் இருக்கும் முதியவரும்தான். கைக்குழந்தைகள் விடுபட்டால், ஐந்து வருடத்தில் முதலாம் வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்ற கணக்கும் பிழைக்கும்.

படி 3: வயதும் கல்வியும். எல்லோருடைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் இரண்டையும் ஒரு பையில் போடுங்கள். பெரியவர்கள் நடக்கிற வயதைச் சொல்வார்கள்; கணக்குக்கு வேண்டியது பூர்த்தியான வயது. ஞாபகத்தில் சொன்னால் 60, 65, 70 என்று 0இலும் 5இலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்துவிடுவார்கள். கல்வியில், இப்போது படிக்கும் வகுப்பு வேறு, சித்தியடைந்த வகுப்பு வேறு.

படி 4: வேலை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கணவரோடு வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கி, நீர் கட்டி, அறுவடைக்கும் நிற்கும் பெண்ணை "வீட்டில சும்மா" என்று பதியவிடுகிறோம். கூலி வாங்காவிட்டாலும் அது வேலைதான். என்ன வேலை, எத்தனை நாள் என்று நேராகச் சொல்லுங்கள்.

படி 5: வீடும் தண்ணீரும். சுவர், கூரை, நிலம், மலசலகூடம், அடுப்பு எரிபொருள் எல்லாம் சுலபமான கேள்விகள். சிக்கல் குடிநீரில். வளவில் கிணறு இருக்கிறதே என்று "கிணறு" என்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பல கிணறுகள் உவர், குடிப்பது பவுசரில் (தண்ணீர் லொறியில்) வரும் தண்ணீர். குடிக்கும் தண்ணீர் எதுவோ அதையே சொல்லுங்கள். இல்லாவிட்டால், தட்டுப்பாடே இல்லாத கிராமமாக உங்கள் ஊர் கணக்கில் ஏறிவிடும்.

படி 6: வருபவரைச் சரிபாருங்கள். முதலில் உத்தியோக அடையாள அட்டையைக் கேளுங்கள். வங்கிக் கணக்கு எண்ணோ கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணோ குடிசன மதிப்புக்குத் தேவையில்லை; கேட்டால் பதிலை நிறுத்திவிட்டுக் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். தனிநபர் விபரங்களைச் சட்டம் இரகசியமாகக் காக்கிறது. நிவாரணம் வெட்டப்படும் என்று பயந்து தகரக் கூரை என்றோ வேலை இல்லை என்றோ மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவுக்கு எடுக்கும் விபரம் வேறு.

முடிந்ததும் ஆள் எண்ணிக்கையையும் வயதுகளையும் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். அயலில் எல்லா வீட்டுக்கும் வந்து உங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லையென்றால், கணக்கெடுப்புக் காலம் முடிய முன்னரே கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலுள்ள புள்ளிவிபர உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள்.