தொலைவிலிருக்கும் இன்டர்னுக்கு எந்த வேலையை, எப்படிக் கொடுப்பது?

எந்தச் சிறு நிறுவனத்திலும் "நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட வேலைகள் குவிந்திருக்கும். வாடிக்கையாளர் பட்டியலில் இரண்டு முறை பதிவான பெயர்களை நீக்குவது, இணையதளத்தில் பொருட்களுக்கு விவரம் எழுதுவது, அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில் தொகுப்பது, போட்டியாளர்களின் விலையை அட்டவணையாக்குவது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இன்டர்னுக்கு (பயிற்சிக்காகச் சில காலம் வேலை பார்க்க வருபவருக்கு) ஏற்றவை இவைதான். நாளைக் காலை வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டியதை அவரிடம் கொடுத்தால் இருவருக்கும் தலைவலி.

ஒரு வேலையைக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க மூன்று கேள்விகள் போதும். கம்ப்யூட்டரும் இணையமும் இருந்தால் செய்துவிட முடியுமா? ஒரு வாரம் தாமதமானாலும் வியாபாரம் நிற்காமல் ஓடுமா? முடிந்ததா இல்லையா என்பதை யார் பார்த்தாலும் சொல்ல முடியுமா? பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவதில்தான். "சமூக ஊடகங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. "வாரத்துக்கு 3 பதிவு, ஒவ்வொன்றும் 60 சொற்களுக்குள், ஒரு படத்தோடு, வியாழன் மாலைக்குள் வரைவு" என்றால் தெரியும்.

அடுத்து மணிக்கணக்கு. வாரம் 15 மணி நேரம், 10 வாரம் என்றால் 150 மணி நேரம். முதல் இரண்டு வாரம், அதாவது 30 மணி நேரம், கற்றுக்கொள்வதிலேயே போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரமும் உங்கள் பக்கம் வாரம் 5 மணி நேரம், பிறகு வாரம் 2 மணி நேரம் தேவைப்படும், மொத்தம் 26. இந்த 26 மணி நேரத்தை ஒதுக்க ஆளில்லை என்றால் இப்போதைக்கு இன்டர்ன் வேண்டாம். சம்பளமில்லாமல் ஆள் கிடைப்பதுதான் இதன் லாபம் என்று நினைப்பவர்களுக்கும் இது சரிவராது. ஊழியர் செய்யும் வேலையை இன்டர்னிடம் இலவசமாக வாங்குவது பல நாடுகளில் சட்ட மீறல். அவர் வேறு நாட்டில் இருந்தால் அங்குள்ள தொழிலாளர் சட்டமும் வரியும்கூடப் பொருந்தலாம், முதலிலேயே விசாரித்துவிடுங்கள். உதவித்தொகை, வேலை நேரம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, செய்த வேலை யாருக்குச் சொந்தம், எதை வெளியே சொல்லக்கூடாது என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்க நேர்காணலைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாத சிறு சோதனை நன்றாக உதவும். 30 வரிகள் உள்ள கற்பனைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, தேதி வாரியாக ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். அதில் வேண்டுமென்றே 03/04 போன்ற தேதிகளை விட்டுவையுங்கள். "இது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ?" என்று கேட்பவரை எடுங்கள். கேட்காமல் ஊகித்து வேகமாக முடிப்பவர், தொலைவில் இருக்கும்போது அதே ஊகத்தை நூறு வரிகளுக்குச் செய்வார்.

முதல் நாளுக்கு முன்பே கணக்குகள் தயாராக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரிலேயே தனி மின்னஞ்சல், தனி லாகின். உங்கள் லாகினைப் பகிர்ந்தால் ஓடிபி உங்கள் போனுக்கு வரும். நீங்கள் கூட்டத்தில் இருக்கும்வரை அவர் சும்மா காத்திருப்பார். இணையதளத்தில் பக்கங்களைத் திருத்தும் எடிட்டர் உரிமை போதும், எல்லாவற்றையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமை வேண்டாம். வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுப்பதானால் வேலைக்குத் தேவையில்லாத போன் எண், முகவரி, கட்டண விவரங்களை நீக்கிய பிரதியைக் கொடுங்கள். எல்லாக் கோப்புகளும் நிறுவனத்தின் பகிர்வு ஃபோல்டரில்தான் உருவாக வேண்டும்; அவருடைய சொந்த டிரைவில் இருந்தால் அவர் போகும்போது அவையும் போய்விடும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மௌனம். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் ஒருவர் திணறுவது கண்ணுக்குத் தெரியும். இங்கே தெரியாது, கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று புதியவர் மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்பார். அதனால் ஒரு விதி: 30 நிமிடம் சிக்கிக்கொண்டால் கேட்டே ஆக வேண்டும். என்ன செய்ய முயன்றார், என்ன நடந்தது என்பதோடு ஒரு ஸ்கிரீன்ஷாட். வேலை செய்யும் ஒவ்வொரு நாளின் முடிவிலும் மூன்று வரி: முடிந்தது, மிச்சம், தடை. வாரம் ஒருமுறை 30 நிமிட வீடியோ காலில் திரையைப் பகிர்ந்து பேசுங்கள். நேர மண்டலம் வேறாக இருந்தாலும் இருவரும் ஒரே சமயத்தில் கிடைக்கும் 2 மணி நேரமாவது இருக்கட்டும். உங்கள் பக்கத்துக் கடமை, அனுப்பியதற்கு 24 மணி நேரத்துக்குள் பதில்.

சரிபார்ப்பதைப் படிப்படியாகத் தளர்த்துங்கள். 100 பொருள்களுக்கு விவரம் எழுத வேண்டுமென்றால், முதல் இரண்டை நீங்களே எழுதி மாதிரியாகக் காட்டுங்கள். அவர் 5 எழுதியதும் நிறுத்தச் சொல்லி வரிவரியாகத் திருத்துங்கள். அடுத்த 20ஐ முழுதும் படியுங்கள். அவை சரியென்றால் அதன்பின் பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும். மொத்தமாக எழுதி வரட்டும் என்று விட்டால், ஒரே தவறு 98 இடத்தில் இருக்கும். அதைத் திருத்துகிற நேரத்தில் நீங்களே எழுதியிருக்கலாம்.

கடைசி வாரம் புது வேலை எதுவும் வேண்டாம். செய்த வேலையின் முறையை அவர் எழுதிவைக்கட்டும். அதை மட்டும் பார்த்து உங்கள் ஊழியர் ஒருவர் அதே வேலையைச் செய்யட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை, இன்டர்ன் கிளம்பும் முன்பே நிரப்பச் சொல்லுங்கள். முடியும் நாளன்றே மின்னஞ்சலையும் ஃபோல்டர் அனுமதியையும் நிறுத்தி, அவரோடு பகிர்ந்த பாஸ்வேர்டுகள் ஏதாவது இருந்தால் மாற்றுங்கள். சான்றிதழில் "சிறப்பாகப் பணியாற்றினார்" என்பதோடு நிற்காமல், எத்தனை விவரங்கள் எழுதினார், எந்தப் பட்டியலைச் சீராக்கினார் என்று குறிப்பிடுங்கள். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவருக்கு உதவுவது அந்த வரிதான்.